நாலு வெல்டர் வேண்டும்: யார் வழியாக எடுப்பது?

ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் தங்கை கணவர் டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். ஒன்பது பேர் வேலை செய்த இடம், போன மாதம் ஐந்து பேராகிவிட்டது. அறுவடைக்கு முன்னால் வண்டி கேட்டு ஆர்டர் கொடுத்தவர்கள் தினமும் வந்து நிற்கிறார்கள். "மச்சான், நாலு வெல்டர் வேணும். நம்ம பக்கத்துப் பசங்க யாரும் நிக்க மாட்டேங்கிறாங்க. வடமாநில ஆளுங்களைத்தான் எடுக்கணும். காண்டிராக்டர்கிட்ட சொல்லிடவா, இல்ல நானே எடுக்கவா?" என்று போனில் கேட்டார்.

நான் இருப்பது அம்பத்தூர். தொழிற்பேட்டையில் 22 வருடம் ஃபேப்ரிகேஷன் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, இப்போது சின்னப் பட்டறைகளுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பி.எஃப். (சேமநிதி) கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கும்மிடிப்பூண்டி, உத்திரமேரூர், மதுராந்தகம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சொன்னதை அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

உள்ளூர்ப் பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கு உடம்பு வணங்கவில்லை என்று பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊத்துக்கோட்டையிலிருந்து ஆந்திர எல்லையைத் தாண்டினால் சத்தியவேடு, அதை ஒட்டியே ஆலைகள் நிறைந்த ஸ்ரீசிட்டி. இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, கேண்டீனில் சாப்பாடு, மாதம் பிறந்தால் கணக்கில் சம்பளம். அதை விட்டுவிட்டு மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் வெல்டிங் பிடிக்க ஐ.டி.ஐ. முடித்த பையன் ஏன் வரவேண்டும்? ஆனாலும் ஒரு இடத்தை அவனுக்காக வைத்துவிடுங்கள். அப்ரண்டிஸாக எடுத்தால் உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்கு வரை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016 முதல் இருக்கிறது. ஊர்ப் பையன் ஒருவனாவது பட்டறைக்குள் இருந்தால், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் ஊருக்கும் நடுவில் அவனே ஒரு பாலம். ஆனால் நாலு கைதேர்ந்த ஆட்களுக்கு அது விடையாகாது.

சரி, வெளிமாநிலத்தவரை எடுப்பதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்டிராக்டர். அவரிடம் திங்கட்கிழமை சொன்னால் வியாழக்கிழமை ஆள் நிற்கும். ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் வந்துவிடுவார். தங்க இடம், சாப்பாடு, டிக்கெட் எதைப் பற்றியும் நீங்கள் யோசிக்க வேண்டாம். ஷெட் போடுவது, கூரை ஏற்றுவது மாதிரி இருபது நாளில் முடிகிற வேலைக்கு நானே காண்டிராக்டரைத்தான் கூப்பிடச் சொல்வேன்.

நிரந்தர வேலைக்கு இந்த வழி வேறு மாதிரி ஆகிறது. உங்களிடம் வருவது நாலு 'தலை'. அதில் ஒருவர் உண்மையான வெல்டராக இருப்பார், இன்னொருவர் கொஞ்சம் தேறுவார், மீதி இரண்டு பேர் இரண்டு மாதம் ஹெல்பராக இருந்து ஹோல்டர் பிடித்துப் பழகியவர்கள். கேட் கிரில்லுக்கு அது போதும். டிரெய்லரின் சேஸிஸுக்கு, அதாவது பாரம் தாங்கும் அடிச்சட்டத்துக்குப் போதாது. கரும்பு லோடோடு மேட்டில் ஏறும்போது வெல்டு விட்டால் பின்னால் வருகிறவன் உயிருக்கு யார் பதில் சொல்வது?

கூலியும் மறைந்துபோகிறது. நீங்கள் ஒரு நாளுக்கு 750 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அதில் 100 பிடித்துக்கொண்டு 650 அவர் கைக்குப் போகிறது. முதலாளி கொடுப்பதே 650 தான் என்று அவர் நினைக்கிறார். பக்கத்து ஊரில் 700 தருகிறேன் என்று யாராவது சொன்னால் போய்விடுகிறார். நீங்கள் அவருக்கு 750 கொடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. "சொல்லாம கொள்ளாம ஓடிட்டான்" என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம்.

2020 மார்ச்சில் நான் இருந்த பட்டறையில் நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. காண்டிராக்டர் வழியாக வந்த பதினொரு பேர் இருந்தார்கள். 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. காண்டிராக்டரின் போன் அணைந்துவிட்டது. அந்த மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை முதலாளி அவரிடம் முன்பே கொடுத்திருந்தார், அவர்கள் கைக்கு ஒரு ரூபாய் வரவில்லை. அதைவிட எனக்கு வெட்கமாக இருந்தது வேறொன்று. ரேஷன் வாங்கிக் கொடுக்கப் பெயர்ப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். எட்டு மாதம் என் கண் முன்னால் வேலை செய்த பதினொரு பேரில் ஆறு பேரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. "சின்ன பையா", "தாடி பையா" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முதலாளி இரண்டாவது முறை சம்பளம் கொடுத்தார். சட்டமும் அதைத்தான் சொல்கிறது: காண்டிராக்டர் கூலி கொடுக்காவிட்டால் அந்தப் பொறுப்பு வேலை வாங்கியவர் தலையில் விழும். மே மாதம் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக ஷ்ரமிக் ரயில் விட்ட பிறகு எல்லோரும் ஊருக்குப் போனார்கள். திரும்பி வந்தவர் ஒருவர்கூட இல்லை.

அடுத்தது பயிற்சி நிலையம். கிராமப்புற இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து வேலையில் சேர்த்துவிடும் தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா 2014-இல் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரை சேர்க்கிறார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட் மாதிரி மாநிலங்களிலிருந்து இந்த வழியில் தமிழ்நாட்டுக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். சான்றிதழ் உண்டு, இடையில் கமிஷன் கிடையாது. ஆனால் ஐம்பது, நூறு பேரை ஒரே தடவையில் எடுக்கும் ஆலைக்குத்தான் இது தோது. நாலு பேர் கேட்கிற பட்டறைக்கு ஆள் அனுப்ப அந்த நிலையங்களுக்கு அவ்வளவு ஆர்வம் இருக்காது. வருகிற பையனும் பத்தொன்பது, இருபது வயதில் முதல்முறையாக வீட்டை விட்டு வருபவன். கை பழக ஆறு மாதமாவது வேண்டும். முதல் மாதம் முழுக்க அம்மா நினைப்பு. கற்றுக்கொடுக்கப் பொறுமையான மூத்த வெல்டர் உங்களிடம் இருந்தால் இது நல்ல வழி. எடுத்தால் ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பேராக எடுங்கள், தனியாக ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். மாப்பிள்ளைக்கு அறுவடை நெருங்குகிறது, இதற்கு நேரம் இல்லை.

மூன்றாவது வழி, ஏற்கெனவே உங்களிடம் இருப்பவர் மூலமாக அவருடைய சொந்தபந்தத்தை நேரடியாக எடுப்பது. மாப்பிள்ளையின் பட்டறையில் பீகாரின் சிவான் மாவட்டத்துக்காரர் ஒருவர் நாலு வருடமாக இருக்கிறார். அவருடைய சித்தப்பா மகன் குஜராத்தில் மிக் வெல்டிங் (மிஷினிலிருந்து கம்பி தானாக ஓடிவரும் வகை) செய்கிறார். "கூப்பிட்டால் வருவான், நல்ல கை" என்று சொல்லியிருக்கிறார். என் ஓட்டு இதற்குத்தான். தெரிந்தவர் கூட்டிவரும்போது தன் பெயரையும் சேர்த்துக் கூட்டிவருகிறார். சுமாரான ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவருக்கே தலைகுனிவு.

இதிலும் பள்ளம் இருக்கிறது. கூட்டிவந்தவரே மெல்லக் குட்டிக் காண்டிராக்டராக ஆகிவிடுவார். சம்பளத்தை எல்லாம் அவர் கையில் கொடுக்கிற பட்டறையில் இது தவறாமல் நடக்கும். அப்புறம் ஒரு கல்யாணம் என்றால் நாலு பேரும் ஒன்றாகப் போவார்கள், ஒருவரோடு மனஸ்தாபம் வந்தால் நாலு பேரும் ஒன்றாக மூட்டை கட்டுவார்கள். அதனால் மாப்பிள்ளைக்கு இப்படிச் சொன்னேன்: இரண்டு பேரை சிவான்காரர் வழியாக எடு, மற்றவரை வேறு ஊரிலிருந்து எடு. சம்பளம் அவரவர் வங்கிக் கணக்கிலேயே போகட்டும். ஆள் கொண்டுவந்தவருக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் நீயே எல்லோர் முன்னாலும் ஒரு தடவை கொடு, வந்தவரின் கூலியிலிருந்து போகக் கூடாது.

அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். வருகிறவருக்கு டிக்கெட் காசும் முதல் மாதச் செலவும் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஆனால் பெரிய தொகையைக் கொடுத்து 'கழிகிற வரை போகக் கூடாது' என்று கட்டிவைப்பது, ஆதார் அட்டையை வாங்கிப் பூட்டிவைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடிசாக் குடும்பங்கள் அட்வான்ஸுக்குள் சிக்கிக் கிடந்து அதிகாரிகள் மீட்ட கதைகள் நமக்குத் தெரியாததல்ல. 1976-இலிருந்தே கொத்தடிமை முறை குற்றம். 'நான் நல்ல மனசோடதான் கொடுத்தேன்' என்பதற்கு அங்கே இடம் இல்லை.

கையைச் சோதிக்காமல் எடுக்காதீர்கள், காகிதத்தைப் பார்த்து மட்டும் தள்ளிவிடவும் செய்யாதீர்கள். இவர்களில் பலர் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த உஸ்தாத் (தொழில் குரு) ஒருவரிடம் கற்றவர்கள், சான்றிதழ் இருக்காது. இரண்டு பிளேட்டைச் செங்குத்தாக நிறுத்தி, கீழிருந்து மேலாக வெல்டு போடச் சொல்லுங்கள். ஆறிய பிறகு வைஸில் பிடித்துச் சம்மட்டியால் அடித்து உடைத்துப் பாருங்கள். உள்ளே கசடு இருக்கிறதா, அடிவரை உருகிப் பிடித்திருக்கிறதா என்று அந்த உடைந்த முகம் சொல்லிவிடும். அந்த ஒரு நாளுக்குக் கூலி கொடுங்கள். தேறாவிட்டால் திரும்பிப் போகும் டிக்கெட்டும் உங்கள் செலவு. நீங்கள் கூப்பிட்டுத்தானே இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்தார்?

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கணக்குக்காக நாள் கூலி 750, மாதம் 26 நாள், ஆக ஒருவருக்கு 19,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காண்டிராக்டர் அந்தக் கூலிக்கு மேல் ஆளுக்கு நாளுக்கு 100 ரூபாய் கமிஷன் வாங்கினால் நாலு பேருக்கு மாதம் 10,400. நேரடியாக எடுத்தால் இ.எஸ்.ஐ.க்கு நீங்கள் கட்டுவது 3.25 சதவீதம், நாலு பேருக்கு 2,535 ரூபாய். கிராமத்தில் வீட்டு வாடகை 4,500 என்று போடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்வர ஆளுக்கு 2,000 வைத்தால், நாலு பேருக்கு மாதக் கணக்கில் 667. எல்லாம் சேர்த்து 7,702. வாடகையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். காண்டிராக்டருக்குப் போகிற பணத்தில் ஒரு வீடும், வைத்தியமும், ரயில் டிக்கெட்டும் வந்துவிடுகிறது என்றபோது மாப்பிள்ளை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

"ஒன்பது பேருக்கு எதுக்கு மச்சான் இ.எஸ்.ஐ.? பத்துப் பேருக்கு மேலன்னாதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கட்டாயம் பத்துப் பேரிலிருந்து, ஆனால் அதற்குக் குறைந்தாலும் விருப்பப்பட்டுச் சேரச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு இது பொருந்தும். அவர் பங்கு 0.75 சதவீதம் மட்டும். வேலையில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு, வேலை செய்ய முடியாத நாட்களுக்குக் கூலியில் சுமார் 90 சதவீதம் வரும். கிரைண்டர் சக்கரம் உடைந்து கண்ணில் அடித்த ஒருவரை அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு ராத்திரியில் கூட்டிப்போனவன் நான். அட்டை இருந்ததால் அன்றைக்கு யாரும் பணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கவில்லை.

வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்தையும் சிலர் கேட்கிறார்கள். 1979-ஆம் வருடச் சட்டம் இருந்த இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஊருக்குப் போய்வரும் பயணப்படி அதில் இருக்கிறது. ஆனால் வெளிமாநிலத்தவர் பத்துப் பேர் இருக்கும் இடத்துக்குத்தான் அது பொருந்தும், மாதச் சம்பளத்துக்கும் 18,000 என்று ஒரு வரம்பு. ஆக, நன்றாகக் கைதேர்ந்து 19,500 வாங்குகிறவர் அந்தக் கணக்கிலேயே வர மாட்டார். நாலு பேர் வைத்திருக்கும் பட்டறையும் வராது. சட்டம் கேட்காத இடத்திலும் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். திறமைசாலி திரும்பி வருவதற்கு அதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எடுப்பது பாதி வேலை. வந்தவர் நிற்க வேண்டுமே.

கிராமத்தில் முதல் சிக்கல் வீடு. "வடக்கத்தி ஆளுங்களுக்கு விடறதில்ல" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அங்கே முதலாளி தன் பெயரில் வாடகை பேசி, தானே முன்னால் நின்று சாவி வாங்க வேண்டும். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துத் தலைவர், டீக்கடை, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாவற்றுக்கும் கூடவே போய்ப் பெயர் சொல்லி அறிமுகம் செய்யுங்கள். ஊரில் நீங்கள் எந்தப் பெயரில் கூப்பிடுகிறீர்களோ அதையேதான் ஊரும் கூப்பிடும். 'வடக்கன்' என்ற சொல் உங்கள் பட்டறை வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

சமையலுக்குத் தனி இடமும் கேஸ் அடுப்பும் கட்டாயம். நம் சாம்பார் இரண்டு நாளைக்கு ருசிக்கும், மூன்றாம் நாள் கடுகு எண்ணெய் வாசனைக்கு மனசு ஏங்கும். அம்பத்தூர், செங்குன்றம் கடைகளில் கடுகு எண்ணெயும், வறுத்த கடலையை அரைத்த அவர்கள் ஊர் சத்து மாவும் கிடைக்கின்றன, சென்னை வரும்போது வாங்கிப் போகலாம். ஒடிசாக்காரர்களிடம் நம் பழைய சோற்றைப் பற்றிப் பேசிப் பாருங்கள். அவர்கள் ஊரில் அதற்குப் பகால என்று பெயர், வெயில் காலத்தில் அதுதான் அவர்களுக்கும் உயிர். என்னிடம் வேலை செய்த ஒருவர் என் டப்பாவில் இருந்த நீராகாரத்தைப் பார்த்துவிட்டு, வந்து பத்து நாளில் முதல்முறையாகச் சிரித்தார்.

ரேஷனை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. பீகார் அட்டையில் அவர் பெயரும் ஆதாரும் இணைந்திருந்தால், தன் பங்கு தானியத்தை இங்கே விரல் ரேகை வைத்து வாங்கலாம், குடும்பம் தன் பங்கை ஊரில் வாங்கிக்கொள்ளும். கடையில் முதல் தடவை தயங்குவார்கள். கூட ஒருவர் போய் நின்றால் நடந்துவிடும். மனைவி குழந்தையோடு வந்தால் இன்னும் நல்லது, அப்படி வந்தவர்கள்தான் வருடக்கணக்கில் நிற்கிறார்கள். டி.சி. இல்லை என்று குழந்தையைப் பள்ளியில் சேர்க்காமல் இருக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளியில் காலைச் சாப்பாடும் உண்டு.

அப்புறம் பேச்சு. பாதுகாப்புக்கு வேண்டிய பத்து வார்த்தையை இரண்டு பக்கமும் கற்றுக்கொள்ளுங்கள். கிரேனில் சேஸிஸ் தொங்கும்போது 'நிறுத்து' என்று கத்தினால் அவருக்குப் புரிய வேண்டும், 'ருக்கோ' என்று அவர் கத்தினால் நமக்குப் புரிய வேண்டும். சூடு, கரண்ட், விலகு, இறக்கு எல்லாவற்றையும் சுண்ணாம்பால் சுவரில் இரண்டு எழுத்திலும் எழுதி வைத்தோம். ஒரு மாதத்துக்குப் பிறகு யாரும் சுவரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இத்தனையும் எதற்கு என்று 2023 மார்ச்சில் பார்த்தேன். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துப் போனது. ஆனால் அதற்குள் போன் வழியாக பயம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஹோலி நேரம் வேறு. எனக்குத் தெரிந்த இரண்டு பட்டறைகள் ஒரே தெருவில் இருந்தன. ஒன்றில் காண்டிராக்டர் ஆட்கள், ஒரே ராத்திரியில் காலி. இன்னொன்றில் மூன்று பேர் நேரடியாக இருந்தார்கள். முதலாளியின் மனைவிக்கு இந்தி வராது. ஆனாலும் வீடியோ காலில் அவர்களில் ஒரு பையனின் அம்மாவைக் கூப்பிட்டு, அடுப்பையும் அறையையும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற பையனையும் காட்டினார். தமிழிலேயே "நான் பாத்துக்கறேம்மா" என்றார். அந்தப் பக்கம் அழுகை நின்றது. மூன்று பேரும் போகவில்லை.

மாப்பிள்ளை கடைசியில் எடுத்த முடிவு இது. சிவான்காரர் வழியாக இரண்டு பேர், ஜார்க்கண்டிலிருந்து வேறு ஒருவர் வழியாக ஒருவர், நாலாவது இடத்துக்கு ஊரிலேயே ஐ.டி.ஐ. முடித்த பையன். புது ஷெட்டின் கூரைக்கு மட்டும் காண்டிராக்டர். சோதனைப் பிளேட்டில் ஜார்க்கண்ட்காரர் போட்ட வெல்டு உடையவே இல்லை, பிளேட்தான் வளைந்தது. பட்டறைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, ஃபேன் இன்னும் ஒன்று மாட்ட வேண்டும். தீபாவளிக்கு ஆறாம் நாள் பீகார்க்காரர்கள் சூரியனைக் கும்பிடும் சத் பூஜை, அதற்குப் போயே ஆக வேண்டும் என்று சிவான்காரர்கள் வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, திறந்த சில நிமிடங்களில் பாட்னா பக்கம் போகும் ரயில்கள் நிரம்பிவிடும். என் தங்கை அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு மொபைலோடு உட்காரப் போவது அவள்தான்.